நான்காம் வண்டியின் பின்கதவு

எங்கள் பள்ளிக்கூடத்து நான்காம் வண்டியில் பதினோரு வருஷம் அட்டெண்டராக இருந்த அக்காவைப் பற்றி இப்போது ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். பிள்ளைகளைப் புகைக்குள் அடைத்து வைத்த பொம்பளை என்கிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் போன மாதம் வரைக்கும் அதே அக்கா கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலைக்கு ஓடியவர்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். அந்தப் பேச்சு முழுக்க என் தலையில் விழுந்திருக்க வேண்டியது. நான்தான் அந்த வண்டியின் டிரைவர்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. அவர் என் உடன்பிறந்தவர் இல்லை, ஆனால் அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. பிள்ளைகளுக்கு அவர் அத்தை. முன்பு ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். ஆலையை மூடியதும் இந்த வேலைக்கு வந்தார். அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"காலையில முப்பத்தோரு பேரை ஏத்திட்டு வரேன். சாயங்காலம் முப்பத்தோரு பேரை இறக்கி விடறேன். இதுல வீட்ல வேற ஒருத்தனை எழுப்பி உட்கார வைக்கணுமா? போடா, வேலையைப் பாரு" என்றார்.

இந்த வேலைக்கு வருமுன் எனக்கு லாரி ஓட்டிய அனுபவம் மட்டும்தான். முதல் வாரம் ஒரு வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்: "தம்பி! நீ ஏத்திட்டுப் போறது சிமெண்டு மூட்டை இல்ல!" அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் லாரி மாமா ஆனேன்.

பிள்ளைகளை எண்ணுவதற்கு ஆபீசில் பெயர்ப் பட்டியல் கொடுப்பார்கள். அக்கா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வதோடு சரி. ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு வீட்டைச் சொல்லித்தான் எண்ணுவார். பச்சை கேட்டு, மருந்துக்கடை, மாடி வீடு, நாய் வீடு, ரெட்டைக் கதவு என்று கடைசி இருக்கை வரை போவார். நாய் வீட்டில் நாய் செத்து மூன்று வருஷமாகிவிட்டது. அந்தக் குடும்பம் வேறு தெருவுக்கே போய்விட்டது. பையன் மட்டும் இன்னும் நாய் வீடுதான். அவனும் கூப்பிட்டால் ஒழுங்காக "இருக்கேன் அத்தை" என்பான். பதினோரு வருஷத்தில் ஒரு தலை குறைந்ததில்லை, ஒரு தலை மாறியதில்லை.

பெற்றவர்களிடம் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பிள்ளை ரோட்டின் அந்தப் பக்கம் நிற்க, அம்மா இந்தப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தால் தொலைந்தார்கள். "நீங்க பேசி முடிங்க, நாங்க அப்புறமா வளர்ந்துக்கறோம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். ஆனால் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திக் கூட்டி வருவதும் அவர்தான்.

இப்படிப்பட்ட மனுஷி எப்படிப் பின்கதவைக் கட்டச் சொன்னார் என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டரை வருஷம் பின்னால் போக வேண்டும்.

வண்டியின் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அவசரத்துக்கு மட்டும் திறப்பது. உள்ளே ஒரு நீளக் கைப்பிடி, அதைத் தூக்கினால் திறந்துகொள்ளும். ரெட்டைக் கதவு வீட்டுப் பையன் அப்போது இரண்டாம் வகுப்பு. திருகு, பட்டன், கைப்பிடி என்று எதைக் கண்டாலும் அவனுக்குக் கை ஊறும். ஒருநாள் சாயங்காலம் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே அதைத் தூக்கிவிட்டான். கதவு விரியத் திறந்து பையன் வெளியே தொங்கினான். அக்கா எங்கிருந்து பாய்ந்தாரோ தெரியாது. அவன் புத்தகப் பையை வலது கையால் பிடித்துக்கொண்டார். நான் பிரேக் போட்டு நிறுத்தி ஓடிப் போகும்வரை விடவில்லை. பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் தோள் பிசகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். தோள் மட்டும் சரியாகவே இல்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது, விரல்களில் பிடி போய்விட்டது. தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்துத்தான் திறந்து வாங்குவார். அதுவும் "உனக்கு பலம் இருக்கான்னு பார்க்கிறேன்" என்று சொல்லித்தான்.

அதன்பிறகு அக்காவுக்கு அந்தக் கதவின்மேல் பயம் பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தபடியே வருவார். முன்னால் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் எழுந்து போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. ஒருநாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்தக் கைப்பிடியை ஒரு கயிறு போட்டுக் கட்டிடேன்."

"அது அவசர வழி, அக்கா. கட்டக் கூடாது."

"எந்த அவசரம்? எட்டு வருஷத்துல ஒரு அவசரம் வந்துச்சு, அது இந்தக் கதவாலதான் வந்துச்சு."

ஒரு வாரம் விடாமல் கேட்டார். கடைசியில் ஒருநாள் காலை வண்டியில் ஏறியவுடன் கண் கலங்கிப்போய்ச் சொன்னார்: "நேத்துக் கனவுல என் கையில பை மட்டும்தான்டா இருந்துச்சு. பையன் இல்ல."

நான் கட்டிவிட்டேன். அக்கா கேட்டார், கட்டியது நான். அவருக்கு அந்தக் கதவு எதற்கென்று யாரும் பாடம் எடுத்ததில்லை. நான் லைசென்ஸுக்காகப் படித்தவன், எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினேன்.

கட்டினேன் என்றால் சாதாரணக் கட்டு இல்லை. லாரியில் சரக்கின் மேல் போடுகிற முடிச்சு. வண்டி குலுங்கக் குலுங்க இறுகும். அதில் இரண்டு நுனி தொங்கும். ஒன்றை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்து விழும், மற்றதை இழுத்தால் இன்னும் கடிக்கும். எது எந்த நுனி என்று அக்காவுக்கு நான் சொல்லவே இல்லை. வருஷா வருஷம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு போகிற அன்று, வழியில் ஓரங்கட்டி நானே அவிழ்ப்பேன். திரும்பும்போது நானே கட்டுவேன். சோதனை அதிகாரி கைப்பிடியைத் தூக்கிப் பார்ப்பார், திறக்கும், கையெழுத்துப் போடுவார். பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு வேறு.

கயிறு ஒளிந்து இருக்கவும் இல்லை. வண்டியில் ஏறி மறந்த பையை எடுத்துப் போன அம்மாக்கள் பார்த்தார்கள். "இப்பதான் எனக்கு நிம்மதி" என்று ஒருத்தர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியை அம்மா ஒருமுறை உள்ளே வந்து இது எதற்கு என்று கேட்டார். பசங்க திறந்துடறாங்க மேடம் என்று அக்கா சொன்னதும், "ஓ, நல்லது" என்று இறங்கிப் போய்விட்டார். எங்கள் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. ஒரு பிள்ளை கீழே விழாமல் இருக்கிறதே, அது போதும் என்றிருந்தோம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளியிலிருந்து கிளம்பிப் பத்து நிமிஷம்கூட இருக்காது. ரப்பர் கருகுகிற வாடை வந்தது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது. வயர் எரிகிறது. ஏறுகிற வாசல் இன்ஜின் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புகை அதைத்தான் முதலில் மறைத்தது. ஜன்னல்களில், பிள்ளைகள் தலையை நீட்டாமல் இருக்க, குறுக்குக் கம்பிகள்.

"பின்னாடி போங்க! எல்லாரும் பின்னாடி!" என்று கத்திவிட்டு என் பக்கக் கதவைத் திறந்து குதித்தேன். வண்டியின் பின்பக்கம் ஓடி, வெளிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கயிறு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. பற்களைக் கடித்துக்கொண்டு முடிச்சோடு போராடுகிறார். இடது கையால் ஒரு நுனியைச் சுற்றி இழுக்கிறார். தவறான நுனி. இழுக்க இழுக்க இறுகுகிறது.

"அந்த நுனி இல்லக்கா! இன்னொண்ணு!"

"எதுடா? எது?"

பிள்ளைகளின் அலறலில் நான் சொன்னது கேட்டதோ என்னவோ. மற்ற நுனி வலது பக்கம், உயரத்தில் இருந்தது. பிள்ளைகள் நெருக்கியதில் இடது கை அந்தப் பக்கம் போகவில்லை, வலது கை அந்த உயரத்துக்கு எழும்பவில்லை. "கை வரலடா தம்பி, கை வரல!" என்று அழுதார். பின்னால் புகை வந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் சின்னச் சின்னக் கைகள். நான் பார்த்த அந்தக் காட்சி என் எதிரிக்கும் வேண்டாம்.

டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த வீல் ஸ்பேனரை எடுத்து வர மறுபடி முன்னால் ஓடினேன். திரும்பி வந்து பின்கண்ணாடியை உடைத்தேன். உள்ளே கையை விட்டு மேல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. அவ்வளவு சுலபம். அதற்குள் மூன்று நான்கு நிமிஷம் போய்விட்டது.

அக்கா ஒவ்வொரு தலையாகத் தொட்டு வெளியே தள்ளினார். அந்த இருமலிலும் பச்சை கேட்டு, மருந்துக்கடை என்று எண்ணிக்கொண்டேதான் தள்ளினார். முப்பது வந்தது. மாடி வீட்டைக் காணோம். முதல் வகுப்புப் பெண். பயத்தில் சீட்டுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டிருந்தாள். அக்கா தரையில் தவழ்ந்து போய் இழுத்து வந்தார். வெளியே வந்தபோது பிள்ளைக்கு நினைவு இல்லை.

அவளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இருமல் மட்டும் நிற்கவில்லை.

நான்காம் நாள் விசாரணை. அதற்கு முந்தின நாள், கருகின வண்டி நின்ற ஷெட்டில் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கயிறு யாரு கட்டினதுன்னு கேட்பாங்க. நான்தான்னு சொல்லப் போறேன். நீ வாயைத் திறக்காதே."

"எதுக்குக்கா?"

"உன்னைச் சொன்னா உன் லைசென்ஸ் போயிடும். உனக்கு வேற என்ன தெரியும்? எனக்கு நாலு திட்டு விழும், வேற வண்டிக்கு மாத்துவாங்க. பையனைக் காப்பாத்தினவதானே நானு, அதை மறந்துடுவாங்களா?"

வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை. இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராமல் என்ன, வரவழைக்கவில்லை. மனசுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தலைமையாசிரியை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர், வண்டிகளுக்குப் பொறுப்பான மேனேஜர், மாடி வீட்டுப் பெண்ணின் அப்பா. அந்த மனுஷன் மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"பின்கதவைக் கட்டினது யாரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"நான்தான் சார். பிள்ளைங்க விழுந்துடுவாங்கன்னு பயந்து கட்டினேன்."

தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாத கையால் அந்த முடிச்சை எப்படிப் போட்டாய் என்று யாருமே கேட்கவில்லை. தலைமையாசிரியை மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு "நல்லது" என்று சொன்னது அவருக்கு மறந்துபோயிருக்கலாம்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "டிரைவர், உங்களுக்குத் தெரியுமா?"

"நான் கவனிக்கல சார்."

சொல்லிவிட்டேன். அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை.

பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார். "உங்களை நம்பித்தானேம்மா அனுப்பினேன்? என் பொண்ணைப் பொட்டியில வெச்சுப் பூட்டுற மாதிரி பூட்டிட்டீங்களே!" அக்கா தலைக்கு மேல் கை கூப்பப் பார்த்தார், இடது கை மட்டும்தான் மேலே வந்தது. "தப்புதாங்க. தப்புதாங்க" என்று மட்டும் சொன்னார்.

வேறு வண்டிக்கு மாற்றவில்லை. அன்றே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த வேலையும் இனி அக்காவுக்குக் கிடைக்காது. எந்தப் பள்ளியில் கேட்டாலும் இங்கே ஒரு போன் போட்டு விசாரிப்பார்கள். கழுத்து அட்டையையும் விசிலையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவர் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். "பச்சை கேட்டுப் பையனை முன்சீட்டுல உட்கார வை, வளைவுல அவனுக்குக் குமட்டும். மாடி வீட்டுக்காரிக்கு இருமல் நின்னுச்சான்னு கேட்டுச் சொல்லு."

ஒரு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று, மூன்று வயசு இருக்கும், பழக்கத்தில் அக்காவை நோக்கி ஓடி வந்தது. "ஏய், இங்க வா! அங்க போகாதேன்னு சொன்னேன்ல?" என்று அதன் அம்மா உள்ளேயிருந்து வந்து இழுத்துக்கொண்டு போனாள். அக்கா ஒரு சட்டையை மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார்.

"தெரு முழுக்க இப்படித்தான் தம்பி. பெத்தவங்க பயப்படத்தானே செய்வாங்க" என்றார். சட்டையைக் கீழே வைத்தார். "ஆனா பிள்ளைங்க கண்ணுல பயம் தெரியுதுடா. அதைத்தான் தாங்க முடியல."

நான் சொல்லிவிடுகிறேன் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். லைசென்ஸ் கண் முன்னால் வந்து நின்றது. டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்னைவிடக் கேவலமான ஒருத்தனை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை.

வேறு வண்டி கொடுத்தார்கள். நம்பர் அதே நான்கு. புது அட்டெண்டராக ஒரு சின்ன வயசுப் பெண் வந்தாள். பட்டியலை வைத்துக்கொண்டு ஒழுங்காக டிக் அடிப்பாள். இருபது நாள் கழித்து மாடி வீட்டுப் பெண்ணும் நேற்று காலையிலிருந்து வண்டிக்கு வரத் தொடங்கினாள். அவளுக்கு என் சீட்டுக்கு நேர் பின்னால்தான் இடம் போட்டேன்.

நேற்று சாயங்காலம் பள்ளியை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் புது வண்டியில் மட்டும் இருக்கிற பின்கதவு அலாரம் அடித்தது. வழக்கம்போல ரெட்டைக் கதவுப் பையன் கைப்பிடியைத் தொட்டிருக்கிறான். புதுப் பெண் ஓடிப் போய் அவன் கையைத் தட்டிவிட்டு, முன்னால் வந்து என்னிடம் குனிந்து சொன்னாள்.

"அண்ணே, எனக்கு உசிரே போயிடுச்சு. இதை ஒரு கயிறு போட்டுக் கட்டிடலாமா? சோதனைக்குப் போறப்ப மட்டும் அவிழ்த்துக்கலாம்."

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது, அவள்மேல் இல்லை.

"கட்டக் கூடாதும்மா! எவன் சொன்னாலும் கட்டக் கூடாது! பக்கத்துல உட்காரு, அவனை மடியில வெச்சுக்கோ, வண்டியை நிறுத்தச் சொல்லு, நூறு தடவை சொன்னாலும் நிறுத்தறேன். ஆனா அந்தக் கதவுமேல கயிறு விழக் கூடாது. போன தடவை கட்டினது நான். என் முடிச்சு. அத்தையால அவிழ்க்க முடியல, ஏன்னா அவிழ்க்கிற விதத்தை நான் சொல்லித் தரல."

புதுப் பெண் என் கையைத் தொட்டு, "அண்ணே, பசங்க காதுல விழுது" என்றாள் மெதுவாக.

"விழட்டும்மா."

என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாடி வீடு. "லாரி மாமா, அப்போ அத்தை கட்டலையா?"

"இல்லம்மா. அத்தைக்குப் பயமா இருந்துச்சு, கேட்டாங்க. கட்டினது நான்."

அவள் இருமினாள். "எங்க அப்பா அத்தையைத்தானே திட்டினாரு?"

"ஆமாம்மா."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

முப்பது பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் சொல்லியிருக்க மாட்டாள். இந்த வயசுப் பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே நம்புவார்கள்.

"சொல்லு" என்றேன்.

முதல் நிறுத்தமே அவள் வீடுதான். அப்பா கேட்டைத் திறந்து வெளியிலேயே வந்து நின்றிருந்தார். புதுப் பெண் கையைப் பிடித்து இறக்கி விட்டாள். குழந்தை கேட்டு வரைக்கும் போகவில்லை. பாதி வழியிலேயே "அப்பா, அத்தை இல்லப்பா!" என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

நான் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.